தலைகீழாக நின்ற கைபிடி

ஸம்ஸியா தொழுதுகொண்டிருந்தபோது கழுதை யன்னலுக்குள் தலையை நீட்டியது.

சோளகக் காற்று பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை நேரம். மன்னார்த் தாராபுரத்தில் இருந்த அவளுடைய சின்ன வீட்டின் முன்யன்னலைக் காற்று ஓங்கி அறைந்தது. கடல் உப்பு தின்று தேய்ந்துபோன கைபிடி கழன்று நிலத்தில் விழ, யன்னல் கதவு விரிந்தது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பியவள், தெருவில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளில் ஒன்று, யன்னல் சீலையை முக்காடு போலத் தலையில் போட்டுக்கொண்டு தன்னையே பார்த்து நிற்பதைக் கண்டாள்.

அவளுடைய கணவன் ஆதம்பாவா மௌத்தாகி அன்றைக்கு ஐம்பத்தாறு நாட்கள். அந்த ஐம்பத்தாறு நாட்களில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரிப்பை அடக்க முடியாமல், புத்தளத்தில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் நுஸ்ரியாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். மகளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டில் இருந்த மாமாவிடம் போய்ச் சொன்னாள்.

வினை அங்கேதான் தொடங்கியது.

ஸம்ஸியாவின் நானா மஹ்றூப்புக்குச் சிரிப்பு வரவில்லை. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டிலேயே இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அப்படியிருக்கும் தங்கச்சியின் வீட்டு யன்னல் பட்டப்பகலில் தானாகத் திறக்கிறது. இன்றைக்குக் கழுதை எட்டிப் பார்த்தது, நாளைக்கு யார்? ஒரு கிழமை யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அவர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை உங்கட ஊர்ப் பள்ளியில ஜும்ஆ முடிய வேன் கொண்டு வாறன். உடுப்புகளக் கட்டி வை. மிச்ச நாளை இங்க நம்மட வீட்டில இரு."

"இத்தாவில எப்படி நானா வீடு மாறுற?"

"மௌலவியிட்டக் கேட்டுட்டன். இருக்கிற வீடு பாதுகாப்பில்லாட்டி, பாதுகாப்பான இடத்துக்குப் போகலாமாம்."

"வீடு பாதுகாப்பா இருந்தா?"

மஹ்றூப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இருந்தா, புருசன்ட வீட்டிலதான் இருக்கோணும். ஆனா உன்ட வீட்டில ஒரு யன்னலும் பூட்டாதே."

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க. ஒரு யன்னல் பூட்டாட்டியும் நான் வேனில ஏறுறன். எல்லாம் பூட்டினா நீங்க தனியத்தான் போகோணும்."

சொல்லிவிட்டாளே தவிர, எல்லா யன்னலையும் எப்படிப் பூட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்று கேட்டால், முப்பத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் ஆயுதம் தாங்கிய இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது ஸம்ஸியாவுக்குப் பதினேழு வயது. அவளுடைய உம்மா அடுப்பை அணைத்தாள், எல்லா யன்னலையும் ஒவ்வொன்றாகச் சாத்திக் கொண்டி போட்டாள், கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். பின்னேரமே திரும்பி வரப்போகிறவள் போல. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடம் போனது. கொட்டிலுக்கு யன்னல் இல்லை. வெட்டிய ஓட்டையும் அதற்கு ஒரு சாக்குமே இருந்தன. அங்கேதான் அவளுக்கும் ஆதம்பாவாவுக்கும் நிக்காஹ் நடந்தது. அங்கேதான் நுஸ்ரியா பிறந்தாள். அங்கேயே உம்மா கண்ணை மூடினாள், திறப்பு தலையணைக்குக் கீழே இருக்க.

அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது பழைய வீட்டில் சுவர்கூட இல்லை. வீட்டுத் திட்டத்தில் ஒரு மண்டபம், ஓர் அறை, சமைக்கக் குசினி, சாமான் அறை என்று புது வீடு கிடைத்தது. பக்கத்துக்கு ஒன்றாக நான்கு யன்னல். ஒவ்வொரு யன்னலுக்கும் நடுவில் ஒரு சட்டம், அதன் இரு புறமும் இரண்டு கதவு. குடிவந்த அன்று ஆதம்பாவா எட்டுக் கதவுகளையும் திறந்து திறந்து மூடினார். "கைபிடி வச்ச யன்னல் புள்ள," என்றார், ஏதோ மாளிகையைக் காட்டுவது போல.

அந்த வீட்டை விட்டுத்தான் இப்போது வேனில் ஏறச் சொன்னார்கள். அவர் மூச்சு விட்ட இடத்தில் அவருக்காக இருக்க வேண்டிய நாட்களை வேறு கூரைக்குக் கீழே கழிப்பதா? ஸம்ஸியாவின் நெஞ்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை. யன்னலைப் பூட்டிவிட்டுப் போன குடும்பம் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை காலையில் பின்வாசலில் குரல் கேட்டது.

"பிள்ளை, ஓரா இருக்கு, சூடை இருக்கு. கழுதைக்கு என்ன தாறது?"

பெற்றிசியா. பேசாலையிலிருந்து மீன்கூடையோடு பஸ்ஸில் வந்து வீடு வீடாக விற்கிறவள். ஸம்ஸியாவை விட ஆறு வயது மூத்தவள். இத்தா வீட்டுக்குள் ஆண்கள் வர முடியாத இந்த நாட்களில் கடைத்தெருவும் தபாற்காரனும் ஊர்ச்செய்தியும் அவள்தான். கழன்ற யன்னலைக் கடந்த கிழமை நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டவளும் அவள்தான். வலைக்காரர் போடும் முடிச்சு. கத்தி வைத்துத்தான் அவிழ்க்க முடியும்.

"அக்கா, உங்கட கயித்தக் காட்டி நானாவை ஏமாத்த ஏலாது," என்று ஸம்ஸியா நடந்ததைச் சொன்னாள்.

பெற்றிசியா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "முதல்ல ஒண்டு சொல்லு. அது ஆம்பிளைக் கழுதையோ, பொம்பிளைக் கழுதையோ? பொம்பிளையெண்டா உன்ர கொண்ணன் பேசேலாது."

"பகிடி விடாதீங்க அக்கா. தச்சன் ஒருத்தரக் கூப்பிட்டா நான் எந்த மூலையில நிக்கிற? நாலு பக்கமும் யன்னல்."

"அப்ப நாங்களே போடுவம். வலை பொத்திற கைக்கு ரெண்டு ஸ்க்ரூ ஆணி பெரிய வேலையோ?"

வீட்டில் ஒரேயொரு புதுக் கைபிடி இருந்தது. குசினி யன்னலின் வலக்கதவில். மன்னார் - தலைமன்னார் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த ஆதம்பாவா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து கொஞ்சம் சரிவாகப் பூட்டினார். "மிச்சத்த அடுத்த ஞாயிறு போடுவம்," என்றார். அந்த அடுத்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. புதன்கிழமை காலை வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர், கதிரையிலேயே போய்விட்டார்.

"அதைக் கழட்டித் தா, கடையில காட்டி அதே மாதிரி ஏழு வாங்கி வாறன்," என்றாள் பெற்றிசியா.

ஸம்ஸியா ஸ்க்ரூட்றைவரை எடுத்தாள். கைபிடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கை போகவில்லை. அந்த ஆணிகளை முறுக்கியது அவருடைய விரல். கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, கைபிடியின் மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து கொடுத்தாள். பெற்றிசியா தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஏழு கைபிடியும் வந்தன.

முதல் மூன்றும் இலகுவாகப் போயின. மண்டபத்திலும் அறையிலும் சாமான் அறையிலும் வலக்கதவுகள் மூன்று. பழைய துருப்பிடித்த ஆணிகளைப் பெற்றிசியா தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பிடுங்கினாள். ஓட்டை பெருத்த இடத்தில் ஈர்க்குத் துண்டை இறுக்கி, அதற்குள் புது ஆணியை ஸம்ஸியா முறுக்கினாள். கைபிடியைக் கீழே திருப்பினால், அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நாக்கு நடுச்சட்டத்தின் பின்னால் போய் மாட்டும். 'கிளக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் ஸம்ஸியாவுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்தது போல இருந்தது.

நான்காவதை மண்டபத்து இடக்கதவில் வைத்துப் பார்த்தாள். நாக்கு சட்டத்தின் பக்கம் நீளவில்லை. சுவர்ப்பக்கம் நீண்டது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. மிச்சம் இருந்த நான்கும் அப்படியே.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலக்கதவுக்கு ஒரு கைபிடி, இடக்கதவுக்கு அதற்கு எதிர்ப்பக்கக் கைபிடி என்பது கடைக்குப் போகிற எந்தத் தச்சனுக்கும் தெரியும். வெளியே போக முடியாத ஒருத்தி வரைந்த தாளை, மீன் விற்கிற ஒருத்தி கொண்டுபோனால், தாளில் இருந்தது மட்டும்தான் வரும்.

"எங்கட வள்ளத்தில எந்தப் பக்கத்துக்கும் ஒரே கொழுக்கிதான் பிள்ளை," என்றாள் பெற்றிசியா மெதுவாக. "வீட்டுக்கு இடம் வலம் இருக்குமெண்டு நான் யோசிக்கேல்ல."

"நானும் யோசிக்கல்ல. அவர்ட கைபிடியத்தான் பாத்தன். எதிர்ப்பக்கத்தப் பாக்கல்ல."

"தலைகீழாப் போட்டா?"

போட்டுப் பார்த்தார்கள். நாக்கு சரியான பக்கம் திரும்பியது. ஆனால் பூட்டும்போது கைபிடி மேலே பார்த்து நின்றது. காற்று ஒரு தட்டுத் தட்டியதும் தன் பாரத்தில் தானே கீழே விழுந்தது; யன்னல் திறந்துகொண்டது. மூன்று தரம் செய்தார்கள். மூன்று தரமும் விழுந்தது. ஸம்ஸியா நிலத்தில் குந்தி, வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அழுற நேரமில்லை," என்றாள் பெற்றிசியா. "நாலையும் தா. நாளைக்கு மன்னார் ரவுணுக்குப் போய் மாத்திக்கொண்டு வாறன்."

வியாழக்கிழமை அவள் வந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. ஸம்ஸியா காலையிலிருந்து பின்வாசல் சீலைக்குப் பின்னால் நின்றபடியே இருந்தாள்.

"கடைக்கார அருட்பிரகாசம் என்னைக் கண்டவுடன மூக்கைப் பொத்திறார்," என்று சொல்லிக்கொண்டே பெற்றிசியா உள்ளே வந்தாள். "ஐயா, மணக்கிறது நானில்லை, கூடை எண்டன். கூடையை வெளியில வையுங்கோ அம்மா எண்டார். வச்சா பூனை கொண்டுபோயிடும், நீங்கள் கெதியாத் தந்தா நான் கெதியாப் போவன் எண்டன். கடை முழுக்கக் கிண்டித் தேடித் தந்தார்."

"நாலும் கிடைச்சதா?"

பெற்றிசியா பையைக் கவிழ்த்தாள். இடக்கைபிடி மூன்று. பழைய வலக்கைபிடி ஒன்று.

"மூண்டுதான் இருந்தது. மற்றது அடுத்த கிழமைதான் வருமாம்."

அடுத்த கிழமை. ஸம்ஸியா அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த கிழமை அவள் எங்கே இருப்பாள்? மூன்றையும் பூட்டி முடித்தாள். குசினி, மண்டபம், சாமான் அறை. கிளக், கிளக், கிளக். எட்டில் ஏழு. மிச்சம் அறை யன்னலின் இடக்கதவு. ஆதம்பாவா படுக்கும் பக்கம்.

பெற்றிசியா அந்த ஒற்றைக் கைபிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாக வைத்து விட்டாள், விழுந்தது. மறுபடி வைத்தாள்.

"இது ஏன் விழுது? நடுவில தளர்வு. தட்டுக்கும் கைபிடிக்கும் இடையில ஏதும் இறுக்கமா வச்சா நிக்கும். றப்பர் இருக்கோ?"

"வீட்டில ஏது அக்கா றப்பர்?"

"பழைய செருப்பு இருந்தாக் காணும். என்ர மனிசன் வலைக்கு மிதவை வெட்டுறதே கரையில ஒதுங்கிற செருப்பிலதான்..."

சொல்லிக்கொண்டு போனவள் நிறுத்திவிட்டாள். இருவருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயின.

பின்வாசல் ஓரத்தில் ஒரு சோடி நீல றப்பர் செருப்பு. அந்தப் புதன்கிழமை காலை ஆதம்பாவா கழற்றி வைத்தபடியே, ஒன்று நேராகவும் ஒன்று கொஞ்சம் சாய்ந்தும் கிடந்தன. மண் அடித்த இந்த இரண்டு மாதமும் ஸம்ஸியா அவற்றைச் சுற்றித்தான் கூட்டினாள். அவர் வந்து காலை நுழைத்தால் போதும் என்பது போல.

"வேண்டாம் பிள்ளை," என்றாள் பெற்றிசியா. "நான் பேசாலைக்குப் போய் ஒரு செருப்பு எடுத்துக்கொண்டு காலமை வாறன்."

"காலமை காத்துக்கு பஸ் பிந்தும். மீனும் விக்கோணும் நீங்க."

ஸம்ஸியா வாசலில் போய் இருந்தாள். சாய்ந்து கிடந்த செருப்பைக் கையில் எடுத்தாள். குதி தேய்ந்திருந்தது. பஸ் படியில் நின்று நின்று தேய்ந்த குதி. ஐந்து விரலின் தடமும் அதில் பதிந்து கிடந்தது. அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக அந்தத் தடத்தில் வைத்தாள்.

பிறகு பெற்றிசியா அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அண்டைக்கு விடிய நான் அவற்ர பஸ்ஸிலதான் வந்தனான். உனக்குச் சொல்லேல்ல. இறங்கேக்க என்னட்டச் சொன்னவர், 'அக்கா, கூடையைத் தள்ளி வையுங்கோ, ஆக்கள் ஏறோணும்' எண்டு. கடைசியா என்னோட கதைச்சது அதுதான். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் மனிசன்."

ஸம்ஸியா சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அது முழுக்க முழுக்க அவர்தான். யாரும் வெளியே நிற்கக்கூடாது, எல்லோரும் ஏற வேண்டும், எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும்.

"கத்தியத் தாங்க அக்கா," என்றாள்.

அவளே வெட்டினாள். குதியில் இல்லை, விரல் தடம் இல்லாத ஓரத்தில், ஒரு பொத்தான் அளவு வட்டம். நடுவில் ஆணியால் துளையிட்டாள். பெற்றிசியா கைபிடியின் நடு ஆணியைக் கழற்ற, நீல றப்பரை இடையில் வைத்து இருவரும் சேர்ந்து முறுக்கினார்கள். தலைகீழாகக் கதவில் பூட்டினார்கள். கைபிடியை மேலே திருப்பினாள் ஸம்ஸியா.

நின்றது.

பெற்றிசியா வெளியே போய் யன்னலில் கையால் அறைந்தாள். நின்றது. காற்று அறைந்தது. நின்றது. செருப்பை ஸம்ஸியா முன்பு இருந்தது போலவே சோடியோடு சாய்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மஹ்றூப் சொன்ன நேரத்துக்கு வந்தார். வேனை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் வராமலே முதலில் வெளியே சுற்றி வந்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒவ்வொரு யன்னலிலும் நின்று, இடக்கதவை ஒரு தரம், வலக்கதவை ஒரு தரம் உள்ளங்கையால் தள்ளினார். உள்ளே ஸம்ஸியா அவர் போகும் பக்கமெல்லாம் சுவரோடு சுவராக நடந்தாள். மண்டபம். குசினி. சாமான் அறை. எல்லாம் அசையாமல் நின்றன.

கடைசியாக அறை யன்னல். வலக்கதவு நின்றது. இடக்கதவில் கை வைத்தார். தள்ளினார். பிறகு, என்ன நினைத்தாரோ, தோளைக் கொடுத்துத் தள்ளினார். மேலே பார்த்து நின்ற கைபிடி நடுங்கியது. அவளுடைய வீடு, அவளுடைய இத்தா, இருபது வருடக் கொட்டில் வாழ்க்கைக்குப் பிறகு கிடைத்த நான்கு சுவர், எல்லாம் அந்த ஒரு பொத்தான் அளவு றப்பரில் தொங்கியது.

கைபிடி விழவில்லை.

"ம்," என்றது வெளியே ஒரு குரல்.

மஹ்றூப் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். பிறகு எழுந்து ஒவ்வொரு கைபிடியாகத் திருப்பிப் பார்த்தார். அறையில் வந்து நின்றுவிட்டார்.

"எல்லாம் கீழ பாக்குது. இது மட்டும் ஏன் மேல பாத்துக்கொண்டு நிக்கிது?"

"கையேந்தித் துஆ கேக்குது நானா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே குனிந்து பார்த்தவர், இடையில் இருந்த நீல வட்டத்தைக் கண்டார். வரும்போது பின்வாசலில் கண்ட செருப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது. மச்சானும் மச்சானுமாக ஒரே கொட்டிலில் படுத்து எழும்பிய ஆட்கள் அவர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு யன்னல் சட்டத்தைத் தடவினார்.

"உம்மா யன்னலெல்லாம் பூட்டிட்டு வந்தா, ஞாபகமிருக்கா?"

"இருக்கு. அது போறதுக்குப் பூட்டின."

"ஓம்," என்றார் மஹ்றூப். சட்டத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "நீ இரு தங்கச்சி. மௌலவி சொன்னதும் அதுதானே. நுஸ்ரியாவ அடுத்த கிழமை கொண்டுவந்து விடுறன், கொஞ்ச நாள் உன்னோட நிக்கட்டும்," என்றார்.

ஸம்ஸியா கட்டிலின் விளிம்பில் இருந்தாள். இந்த ஐந்து நாளாக நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெதுவாக அவிழ்ந்தது. பெற்றிசியாவின் முடிச்சைப் போலக் கத்தி தேவைப்படவில்லை.

தேத்தண்ணீரும் குடித்து, பெற்றிசியா கட்டி வைத்திருந்த சூடைக் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு மஹ்றூப் புறப்பட்டார். வேனுக்குள் அவள் உடுப்புக்கென்று கொண்டுவந்த பெரிய பைகள் இரண்டும் மடித்தபடியே இருந்தன. வாசலில் அதே கழுதை வேனை மறித்துக்கொண்டு நின்றது. மஹ்றூப் ஹோன் அடித்தார். அது அசையவில்லை.

"இதுக்கும் சொல்லி வை," என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னார், "யன்னல் போட்டாச்சு, இனி வராதயெண்டு."

வேனின் சத்தம் பிரதான வீதியில் போய் ஓய்ந்தது. ஸம்ஸியா அறைக்குப் போனாள். சீலையை நன்றாக இழுத்து விட்டுவிட்டு, தலைகீழ்க் கைபிடியைக் கீழே திருப்பினாள். இரண்டு மாதமாகச் சாத்தியே கிடந்த கதவு திறந்தது. உப்பும் மீனும் கலந்த காற்று சீலையைப் பாயாக ஊதிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலின் அந்தப் பக்கத்துத் தலையணையைத் தொட்டது. வேண்டிய மட்டும் வரட்டும் என்று விட்டாள்.

அஸர் பாங்கு சொல்லக் கேட்டது. எழுந்து கதவைச் சாத்தி, கைபிடியை மேலே திருப்பினாள். கையை எடுத்த பிறகும் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொழுகைக்கு வுளூச் செய்யப் போனாள்.